ஏலக்காய்க்கடை ராக்கப்பனின் நெற்றி

"எனக்கு வயசெல்லாம் கொறைய வேணாம் தாயி. நெத்தி மட்டும் சும்மா கெடந்தாப் போதும்னு அந்தம்மாட்டச் சொல்லு."

ராக்கப்பன் முதலில் சொன்னது இதைத்தான். கட்டப்பனையில் ஒரு தோல் மருத்துவமனை. சாய்ந்து படுக்கிற நாற்காலியில் அவர் சாயாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர் போல நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டர் ஜிஜி. இருவருக்கும் நடுவில், கையில் அட்டையும் பேனாவுமாகச் சிவசங்கரி. டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. ராக்கப்பனின் மலையாளம் ஏலக்காய் வாங்குகிற அளவுக்குத்தான் நீளும். பத்தாம் வகுப்பு வரை மலையாளத்திலும் அதற்கு மேல் கம்பத்தில் தமிழிலும் படித்த சிவசங்கரிக்கு அங்கே வேலை கிடைத்ததே இப்படி நடுவில் நிற்பதற்காகத்தான். நாற்காலியில் இருப்பவர் தன் அம்மாவின் தம்பி என்பதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று வாசலிலேயே அவர் கண்ணைக் காட்டியிருந்தார்.

"நெற்றிக் கோடு மட்டும் போதுமாம்" என்று மலையாளத்தில் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியை நீட்டி, புருவத்தை உயர்த்தச் சொன்னார். ராக்கப்பன் உயர்த்தினார். மழையில் ஜீப் போய் வந்த மண்பாதை மாதிரி மூன்று கோடுகள் ஆழமாக விழுந்தன. அதைப் பார்த்ததும் டாக்டருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் சொல்வதை ஆரம்பித்தார்: "இயற்கையாக இருக்கும். ஊசி போட்டது பெற்றவளுக்கே தெரியாது. நல்லா ஓய்வெடுத்தீங்களா என்று மட்டும்தான் எல்லோரும் கேட்பார்கள்." சிவசங்கரிக்கு அது மனப்பாடம். டாக்டர் முடிப்பதற்குள் அவள் தமிழில் முடித்துவிட்டாள்.

ராக்கப்பன் பதறினார். "ஓய்வெடுத்த மாதிரியா? சீசன் நேரத்துல ஓய்வெடுத்தவன் மாதிரி ஒக்காந்திருந்தா எவன் கடைக்கு வருவான்?"

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர்.

"சரி என்கிறார்."

"ஒரேயடியாக இறுக்க மாட்டேன் என்று சொல். கொஞ்சம் அசைவு விட்டுப் போடுவேன். அதுதான் அழகு."

"அந்தக் கொஞ்சந்தான் தாயி வேணாங்குறேன். லேசா ஒரு ஆட்டம் ஆடுனாலும் போச்சு. செவுரு மாதிரி கெடக்கணும்."

டாக்டர் நெற்றியைச் சுருக்கப் பார்த்தார். அவர் நெற்றியும் அதே மருந்தில் இருந்ததால் சுருக்கம் கண்ணளவில் நின்றுவிட்டது. "ஏன் என்று கேள்."

"அது எதுக்கு அந்தம்மாவுக்கு? யாவார ரகசியம்னு சொல்லு."

"சொந்தக் காரணமாம்" என்றாள் சிவசங்கரி.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. தன்னுடைய தமிழை எடுத்துக்கொண்டு நேராகவே கேட்டார். "சேட்டனுக்கு ரெண்டாம் கல்யாணமா?"

"ஏம் பொண்டாட்டி கம்பத்துக்காரிங்க" என்றார் ராக்கப்பன். "அருவாமனைய எடுத்துருவா."

ஊசி தயாராகி, நெற்றியில் பேனாவால் புள்ளி வைத்து, கடைசியாகப் படுக்கச் சொன்னபோது அவர் ஒரு கையை உயர்த்தினார்.

"தாயி, இந்தக் கண்ணோரத்துலயும் ரெண்டு மூணு கோடு கெடக்கு. அது யாவாரத்துக்கு இல்ல. சும்மா, வந்ததுதான் வந்தோம்னு கேக்குறேன்." கோடுகள் தெரியட்டும் என்று ஒரு சிரிப்பும் சிரித்துக் காட்டினார்.

அந்தச் 'சும்மா'வில்தான் சிவசங்கரிக்கு அவர் மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் கழன்றது.

அதுவரை மரியாதை இருந்தது உண்மை. இரண்டு வருடமாக அந்த அறையில் நின்று அவள் பார்க்காத முகம் இல்லை. மாப்பிள்ளைக்கு அக்கா மாதிரி தெரிய வேண்டும் என்று வந்த மாப்பிள்ளையின் அம்மா. இரண்டு சுற்றுலா விடுதிகளுக்கு முதலாளியாகி, தன் முகம் மட்டும் இன்னும் எஸ்டேட் கூலிக்காரர் லயத்திலேயே குடியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்ட ஒருவர். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். ஊசி போட வேண்டும், போட்ட மாதிரி இருக்கக் கூடாது. இயற்கையாக இருக்க வேண்டும், இயற்கை கொடுத்தது மட்டும் இருக்கக் கூடாது. ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறவனை நாலு பேர் நடுவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கிற ஆட்கள்தான், இங்கே வந்து கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு தங்கள் மூஞ்சிக்குச் சாயம் ஏற்றச் சொன்னார்கள். இயற்கை என்ற பேச்சே இல்லாமல், சுவர் மாதிரி வேண்டும் என்று கேட்டு வந்த ஒரே ஆள் ராக்கப்பன். அவரும் கண்ணோரத்தில் வழுக்கி விழுந்தார்.

கிளம்பும்போது அவள் காதோரம் குனிந்தார். "வெளிய மூச்சு விட்ராத. ஒன்கிட்டச் சொல்லவே வேணாம். ஒனக்கு வாய்னு ஒண்ணு இருக்குறதே சோறு திங்கிறப்பத்தான் எங்களுக்குத் தெரியும்."

அந்த வியாபார ரகசியம் என்னவென்று அவர்கள் ஊரான கம்பம்மெட்டில் தெரியாதவர் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கட்டப்பனை பஸ்ஸுக்காகச் சிவசங்கரி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே அவர் கடை. பஸ் எப்போதும் தாமதம். ஆகவே அவள் அந்தக் கடையைப் பள்ளிப் பருவத்திலிருந்தே பார்த்து வருகிறாள்.

சிறு தோட்டக்காரர்கள் காயவைத்த ஏலக்காயை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். நல்ல காய் மூட்டையின் வாயில் இருக்கும், மற்றது அடியில் இருக்கும். அது எல்லோருக்கும் தெரிந்த முறை. ராக்கப்பன் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்புவார். நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், ஒன்றை நகத்தால் கீறி முகர்வார். அதன் பிறகு இரு தரப்பும் பொய் சொல்லத் தொடங்கும். விற்கிறவர் இது முதல் பறிப்பு என்பார். வாங்குகிறவர் நிறம் பத்தவில்லை, போடிச் சந்தை ஏலத்தில் இதைச் சீந்த ஆளில்லை என்பார். பொய் முட்டி மோதி ஒரு விலையில் போய் நிற்கும். உலகம் முழுக்க வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது.

ராக்கப்பனுக்கு இருந்த ஒரே குறை, அவருக்குப் பொய் வராது. நல்லவர் என்பதால் அல்ல. வாய்க்கு வந்தது, நெற்றிக்கு வரவில்லை. நல்ல காயைக் கண்டால் நெற்றியில் மூன்று கோடும் விழும். சுமாரான காய்க்கு அடிக்கோடு மட்டும் விழும். சொத்தைக்கு ஒன்றும் இல்லை. இது போதாதென்று தினமும் விடியலில் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வருவார். ஏழு மணிக்குள் அது சுவரில் அடித்த சுண்ணாம்பு போலக் காய்ந்து நிற்கும். நல்ல மூட்டை வாயைத் திறந்ததும் அது மூன்றாகப் பிளந்து பொடி உதிரும். சாலைக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் இருப்பவர்களுக்குக்கூட அன்றைய காயின் தரம் தெரிந்துவிடும். வாயைக் கேட்காதே, நெற்றியைப் பார் என்று தோட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

இருபத்தெட்டு வருடமாக இது தெரியாத ஒரே ஆள் ராக்கப்பன். ஏலக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணால் தன் நெற்றியை எப்படிப் பார்ப்பது?

போன மார்கழியில்தான் அவருக்குத் தெரிந்தது. சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் காளிச்சாமி ஒரு மூட்டையோடு வந்தார். "நெறம் செத்துப் போச்சு காளி, இதுக்கு மேல ஒரு ரூவா கெடையாது" என்றார் ராக்கப்பன்.

காளிச்சாமி மூட்டையைக் கட்டவில்லை, கோபப்படவும் இல்லை. "அண்ணே, அது ஒங்க வாய் சொல்ற வெல. ஒங்க நெத்தி இன்னும் நூறு தர்றேங்குது. நீங்க சும்மா இருங்க, நான் நெத்திகிட்டயே பேசிக்கிறேன்" என்றார்.

டீக்கடை குலுங்கியது. பஸ்ஸுக்கு நின்ற சிவசங்கரி மட்டும் சிரிக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் அம்மா வரை சேதி போய்விடும். ராக்கப்பன் அந்த நூறைக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் ஒரு கையில் ஏலக்காயும் ஒரு கையில் கண்ணாடியுமாக நின்றார். காயைப் பார்த்தால் கண்ணாடி தெரியவில்லை, கண்ணாடியைப் பார்த்தால் காய் தெரியவில்லை. அவர் மனைவி குருவம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மனிதருக்கு ஏதோ பெண் விவகாரம் என்று முடிவு செய்தாள்.

பிறகு அவர் தலைவலி என்று நெற்றியில் துண்டைக் கட்டிப் பார்த்தார். குல்லாய் போட்டுப் பார்த்தார். "துண்ட எடுத்துட்டு வெல சொல்லுங்கண்ணே" என்றார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்கு வந்து, அக்காள் டீ போடப் போன நேரம் பார்த்து, சிவசங்கரியிடம் கேட்டார்.

"ஒங்க ஆசுபத்திரியில நெத்திய அசைய விடாமப் பண்ணுறாங்களாமே?"

"பண்ணுவாங்க."

"வலிக்குமா?"

"லேசா."

அவளிடமிருந்து அதற்கு மேல் பேச்சு வராது. அவருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

ஆவணியில் ஊசி போட்டார். ஒரு வாரத்தில் நெற்றி அடங்கத் தொடங்கி, பத்தாம் நாள் முற்றிலும் செத்தது. திருநீறு விரிசலே இல்லாமல், காலையில் பூசியது மாலை வரை பூசியபடி நின்றது. முதல் பறிப்புக் காய் இறங்குகிற நேரம். காளிச்சாமி மூட்டையைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கம்போல முகத்தின் மேல்பாதியைப் பார்த்து நின்றார். ராக்கப்பன் அள்ளினார், பரப்பினார், கீறினார், முகர்ந்தார். அருமையான காய். சாலைக்கு இந்தப் பக்கம் சிவசங்கரிக்கே பச்சை தெரிந்தது. நெற்றியில் ஒன்றும் நடக்கவில்லை. வராத பஸ்ஸை எதிர்பார்ப்பவர் போல காளிச்சாமி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

"காய் நல்லா இல்லையாண்ணே?"

"சுமார்தான் காளி. என்ன பண்றது, இந்த வருசம் மழை அப்பிடி."

காளிச்சாமி குனிந்து தன் காயைத் தானே ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்தார். வாய் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் வந்த எல்லோரும் அப்படித்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். ராக்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் சாலையைத் தாண்டி வந்து, பஸ்ஸுக்கு நின்றவளின் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கோ பார்ப்பது போலச் சொன்னார். "தங்க ஊசி தாயி. தங்க ஊசி." சிரிப்பு கன்னத்தோடு முடிந்துவிட்டது. கண்ணுக்கு ஏறவில்லை. கண்ணோரத்துக்கும் சேர்த்துத்தானே கேட்டு வாங்கியிருந்தார்.

அடுத்த வாரம் இரண்டு மூட்டைகள்தான் வந்தன. அதற்கு அடுத்த வாரம் ஒன்றும் வரவில்லை.

எல்லோரும் நாலு கடை தள்ளி நல்லமுத்துவிடம் போனார்கள். நல்லமுத்து ராக்கப்பனைவிடக் குறைத்தே கொடுப்பவர். தட்டில் பரப்பும்போது கையோடு பத்து இருபது காயை மடியில் தள்ளிக்கொள்வார் என்று பெயர் எடுத்தவர். அவரிடம் வரிசையில் நின்றார்கள். ராக்கப்பன் தராசுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளைத் தட்டை வைத்துக்கொண்டு, சாலையில் மூட்டையோடு போகிற ஜீப்புகளை எண்ணினார். ஐந்து மாதச் சீசன்தான் அந்தக் கடைக்கு ஒரு வருடம். இந்தச் சீசனில் வேறு கடைக்குப் பழகிய கால்கள் அடுத்த சீசனுக்குத் திரும்பி வராது. அது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல், டீக்கடையில் நின்ற காளிச்சாமியை மறித்தார். எட்டடி தள்ளிச் சிவசங்கரி நின்றிருந்தாள்.

"ஏப்பா காளி, அந்தக் களவாணிப் பயகிட்டப் போய்ப் போடுறியே, ஞாயமா?"

"களவாணிதாண்ணே" என்றார் காளிச்சாமி. "அவன் களவாணின்னும் தெரியும், எம்புட்டுக் களவாணின்னும் தெரியும். எடை போடுறப்ப அவனுக்குக் கண்ணு ரெண்டு தரம் துடிக்கும். அதக் கழிச்சுக்கிட்டுப் பேசிக்கிருவோம். ஒங்களத்தான் ஒண்ணும் புரியல."

"நான் ஒனக்கு என்னப்பா கொறை வச்சேன்? தராசு அதே தராசு."

"தராசு எல்லாக் கடையிலயுந்தான் தொங்குது. நாங்க தராசுக்கா வந்தோம்? நீங்க பொய் சொன்னா நெத்தி காட்டிக் குடுத்துரும், அந்தத் தைரியத்துக்கு வந்தோம். இப்ப ஒங்க வாய் மட்டுந்தான் இருக்கு. அத நம்பி எவண்ணே மூட்டய அவுப்பான்?"

இருபத்தெட்டு வருடம் தன் திறமையால் கடை நடத்தியதாக ராக்கப்பன் நினைத்திருந்தார். தன் தலைக்கு மேலே, தனக்குத் தெரியாமல், ஒரு யோக்கியன் உட்கார்ந்து கடையை நடத்திக்கொண்டிருந்தான் என்பதும், அவனைத்தான் ஊசி போட்டுக் கொன்றோம் என்பதும் அவருக்கு அந்த டீக்கடை வாசலில் தெரிந்தது. தெரிந்தது என்று சிவசங்கரி நினைத்துக்கொண்டாள். அவர் முகத்தில்தான் எதுவும் காணவில்லையே.

ஊரில் பேச்சு அதற்குள் பல வழியாகப் போயிருந்தது. லேசான பக்கவாதம் என்றார்கள் சிலர். ஒருவர் ஏதோ எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். நல்லமுத்து வைத்த செய்வினை என்ற பேச்சில் நல்லமுத்துவுக்கே பெருமை, மறுக்காமல் விட்டார். குருவம்மாள் கணவனின் வலது கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். பிறகு நாத்தனார் வீட்டுக்கு வந்து, சிவசங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஆசுபத்திரியில இருக்குறவ, நீ சொல்லு தாயி. கோழி அடிச்சுக் கொழம்பு வச்சேன். நல்லாருக்குன்னு வாய் சொல்லுது. மூஞ்சி பூட்டுன மில்லு வாசல் மாதிரி கெடக்குது. முப்பது வருசமா நான் அந்த மூஞ்சியப் பாத்துத்தான் உப்புப் போட்டேன். இப்ப எதப் பாத்துப் போடுறது?"

"சரியாயிரும் அத்தை" என்றாள் சிவசங்கரி.

"எப்ப?"

தை மாதம் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். சொல்லவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் மட்டுமல்ல. வாதம், செய்வினை, வேறு பெண் என்று அத்தை எதையெல்லாமோ தாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தாள். ஏலக்காய்க்குப் பயந்து நெற்றிக்கு ஊசி போட்டுக்கொண்ட புருஷன் என்பதை எந்தப் பெண் தாங்குவாள்?

புரட்டாசிக் கடைசியில் ராக்கப்பன் மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை நுனியில் அல்ல, முழுதாகச் சாய்ந்துவிட்டார்.

"எடுத்துரச் சொல்லு தாயி."

டாக்டர் அதைக் கேட்கவில்லை. ராக்கப்பனின் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, தான் வரைந்த படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது பார்! ஆண்களுக்கான விளம்பரப் பலகையில் போட ஒரு போட்டோ தருவாரா கேள். ஊசிக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று."

"மருந்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார்" என்றாள் சிவசங்கரி.

டாக்டர் கையை விட்டார். கன்னத்தை நிரப்புகிற மருந்தில் சிலவற்றைக் கரைக்க வேறு ஊசி உண்டு, இது தசையை அசையவிடாமல் செய்கிற மருந்து, இதைத் திருப்பி எடுக்க வழி கிடையாது, மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தளரும், அதுவரை பொறுக்க வேண்டும் என்றார். சிவசங்கரி அப்படியே சொன்னாள்.

"தை பொறந்துரும். காயெல்லாம் எறங்கி முடிஞ்சிரும்." ராக்கப்பனின் குரல் உடைந்தது. முகம் அமைதியாக, நன்றாக ஓய்வெடுத்தவர் முகம் போலவே இருந்தது.

"மூன்று மாதத்தில் மருந்து இறங்கிவிட்டதே என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்" என்றார் டாக்டர். "இறங்கவில்லையே என்று வந்த முதல் ஆள் இவர்தான். அழகாக இருப்பதாகச் சொல். மனக் குறை, வேறொன்றும் இல்லை."

"அழகா இருக்கீங்களாம் மாமா."

ராக்கப்பன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அவர் செய்தவற்றைச் சாலையின் இந்தப் பக்கம் நின்று பார்ப்பதே சிவசங்கரிக்குக் கூச்சமாக இருந்தது. நெற்றி செய்யாததைக் கையாலும் வாயாலும் செய்ய முயன்றார். தப்பித் தவறி வந்த ஒரு மூட்டையைத் திறந்ததும் "ஆகா!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். காயை இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விற்க வந்தவர் மிரண்டு, மூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "சாமி வந்தவர்ட்ட எப்பிடிங்க வெல பேசுறது?" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு நல்லமுத்துவிடம் போனார்.

இன்னொரு நாள் அதைவிட மோசம். திருநீற்றைப் பூசிக் காயவிட்டு, வீட்டிலேயே நகத்தால் மூன்று கோடு கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் மூட்டைக்கு மூன்று கோடு. விற்கிறவர் உற்சாகமாக விலை ஏற்றினார். அடுத்து வந்தது ஈரமும் சொத்தையுமாக மாட்டுக்குக்கூடப் போட முடியாத காய். அதற்கும் மூன்று கோடு. அதற்கடுத்து ஒருவர் பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்தார், அவருக்கும் மூன்று கோடு. நண்பகலுக்குள் கம்பம்மெட்டு முழுக்கச் சிரித்து முடித்திருந்தது. காளிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. "சாயம் போட்ட காய் மாதிரி ஆயிட்டாருடா மனுசன்" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

ஐப்பசியில் அடைமழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ராக்கப்பன் அக்காள் வீட்டுக்கு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, சிவசங்கரிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்காள் டீ கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். முகம் மட்டும் இளைப்புக்கும் சேராமல், கவலைக்கும் சேராமல், கல்யாண ஆல்பத்தில் ஒட்டிய படம் மாதிரி வழவழவென்று தனியாக இருந்தது.

"நாளைக்கு மறுநாள் காளிச்சாமி ரெண்டாம் பறிப்ப எறக்குறான்" என்றார். "பத்து மூட்ட. அவன் எங்க எறக்குறானோ அங்கதான் சரிவுல இருக்குற அம்புட்டுப் பேரும் எறக்குவாங்க. நல்லமுத்துகிட்டப் போயிருச்சுன்னா, நான் கடையப் பூட்டிச் சாவியக் குடுத்துற வேண்டியதுதான்."

மனசுக்குள் சிவசங்கரிக்குப் பட்டதைச் சொன்னால் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மேஜையில் வைத்து மெதுவாகப் பிரித்தார். உள்ளே ஒரு பிடி ஏலக்காய். அப்படி ஒரு காயை அவள் அந்த வருடம் பார்க்கவில்லை. ஒன்றுபோல் பருத்து, வெடிப்பில்லாமல், மழை நின்ற மறுநிமிடம் தெரிகிற மலையின் பச்சை. மூடியிருந்த அறை முழுக்க மணம் ஏறியது. ஏலக்காய்க்காரர்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண். அவள் கண் தானாக அதன் மேல் போய் நின்றது.

ராக்கப்பன் காயைப் பார்க்கவில்லை. அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க வா" என்றார். "பாரு, மூணு! நம்ம வீட்டு நெத்தி அக்கா. அப்பிடியே எறங்கியிருக்கு."

சிவசங்கரி கையை உயர்த்தித் தன் நெற்றியைத் தொட்டாள். இத்தனை வருடமாக யாருக்கும் எதையும் காட்டாமல் காத்து வந்த முகம் என்று நினைத்திருந்தாள். விரலுக்கடியில் கோடுகள் தெரிந்தன. அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம். உடனே கோடுகள் கலைந்து வேறு மாதிரி சுருங்கின. அதையும் அவர் பார்த்தார், அதற்கும் சந்தோஷப்பட்டார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்து, கடையில் விலை பேசுகிற குரலை அடியோடு விட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மிட்டாய்க்குக் கெஞ்சுகிற மாதிரி அன்றைக்கு அவர் அவளிடம் கேட்டது இதுதான்:

"ரெண்டு நாள் லீவு சொல்லிட்டுக் கடைக்கு வா தாயி. கைய நான் விடுறேன், வெலைய நான் சொல்றேன். நீ ஒரு வார்த்த பேச வேணாம். ஏம் பக்கத்துல ஒக்காந்து காயப் பாத்தாப் போதும். அப்பறம், அந்தம்மா ஓசியில போட்டு விடுறேன்னு சொன்னாலும், ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன், தை வரைக்கும் நீ மட்டும் ஊசி போட்டுக்கிட்ராத."